ஃபிளாட் வாங்கிய நம்மூர்க்காரர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கு,

மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி, செஞ்சி என்று இந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சென்னை போய், வாடகை கொடுத்துச் சலித்து, கடைசியில் வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பிடித்தவர்களுக்கு இந்த மடல். தாம்பரம், மேடவாக்கம், ஆவடி, போரூர் என்று இடம்தான் வேறு. வீடு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு படுக்கையறை, கட்டடத்தில் ஆறோ எட்டோ வீடுகள், கீழே வண்டி நிறுத்தம், லிஃப்ட் இருந்தாலும் இருக்கும்.

அமாவாசை ஊஞ்சலுக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்து வருகிறீர்கள். ஆத்தா தரிசனம் முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் நீங்கள் சொல்லும் புகார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது, லாரிக்கு யார் காசு தருவது என்று சண்டை. மொட்டை மாடிக் கதவைப் பில்டர் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருக்கிறார். மேல்வீட்டுக் கழிப்பறை ஒழுகிக் கீழ்வீட்டு சீலிங் பெயர்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் மெயின்டனன்ஸ் கட்டவில்லை. கணக்குப் பார்த்தவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நோட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்கள் அசோசியேஷன் பதிவு செய்ததா?" என்பேன். "வாட்ஸ்அப் குரூப் இருக்குதுங்க" என்பீர்கள்.

குரூப்பில் காலை வணக்கம் போடலாம், வழக்குப் போட முடியாது. லிஃப்ட் கம்பெனி அதனோடு ஒப்பந்தம் போடாது. வங்கி அதன் பெயரில் கணக்குத் திறக்காது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை இது. நம் பக்கத்து நிலப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். "மேற்படி நிலத்திலுள்ள கிணற்றிலும், மின் மோட்டார், பம்புசெட், மின் இணைப்பிலும் பொதுவில் நாலில் ஒரு பாகம், வண்டி வாகனம் போகவர வழி பாத்தியம் சகிதம்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். நாலு பங்காளிகளுக்கு ஒரு கிணறு. யாருக்கு எந்தக் கிழமை என்று முறை உண்டு. மோட்டாரில் காயில் எரிந்தால் செலவு நாலாகப் பிரியும். தூர் எடுக்க நாலு பேரும் கூடி உட்கார்ந்தாக வேண்டும். கிணற்றில் தன் பாகத்தை மட்டும் தனியே விற்க எவனாலும் ஆகாது. நிலம் கைமாறினால் பாகமும் அதோடு போகும். படிக்காத நம் பாட்டன்மார் இந்த ஏற்பாட்டைத் தலைமுறைகளாக நடத்தினார்கள். நீங்கள் வாங்கிய ஃபிளாட்டும் இதேதான்: சுவருக்குள் இருக்கும் வீடு உங்களுக்கு மட்டும், அடியில் இருக்கும் மனை, படிக்கட்டு, போர்வெல், மொட்டை மாடி எல்லாம் பொதுவில் ஒரு பாகம்.

அந்தப் பாகத்துக்குத்தான் யு.டி.எஸ். என்று பெயர், பிரிபடாத பாகம். கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் மூன்று ஷெட்யூல் இருக்கும். ஏ ஷெட்யூல் என்பது முழு மனை, நான்கு எல்லைகளோடு. பி ஷெட்யூல் அந்த மனையில் உங்கள் பாகம், இத்தனை சதுரடி என்று. சி ஷெட்யூல் உங்கள் வீடு, எத்தனையாவது மாடி, என்ன அளவு என்பது. வாங்கும்போது எல்லோரும் சி ஷெட்யூலைத்தான் பார்க்கிறார்கள். ஹால் எவ்வளவு, கிச்சன் எந்தத் திசை, வாஸ்து சரியா. பி ஷெட்யூலைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு கிரவுண்டு மனை என்றால் 4,800 சதுரடி. அதில் எட்டு வீடு கட்டி விற்றாயிற்று என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பத்திரங்களின் பி ஷெட்யூலையும் கூட்டினால் 4,800 வர வேண்டும். 4,350 வருகிறது என்றால் மிச்சம் 450 சதுரடி பில்டரிடமோ பழைய மனைக்காரரிடமோ நிற்கிறது. அவரும் உங்களோடு ஒரு பங்காளி. மேலே இன்னொரு தளம் எழுப்பும் உரிமை தனக்கு என்று பத்திரத்தின் நடுவில் ஒரு பாரா சேர்த்திருந்தாரானால் மொட்டை மாடிச் சாவி ஏன் அவர் கையில் இருக்கிறது என்று புரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. பதிவுத் துறையின் இணையதளத்தில் அந்த மனைக்கு வில்லங்கச் சான்று போட்டால், யார் யாருக்கு எத்தனை சதுரடி பாகம் விற்றிருக்கிறது என்று வரிசையாக வரும். கூட்டுவதற்கு ஒரு செல்போன் போதும்.

முன்பெல்லாம் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரம், வீட்டுக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று இரண்டாகப் பதிவார்கள். 2023 டிசம்பர் முதல் நிலமும் வீடும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரமாகப் பதியும் முறை வந்திருக்கிறது. அதற்கு முன் வாங்கியவர்கள் இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் ஒப்பந்தத்தைத் தொலைத்துவிட்டு, கார் நிறுத்துமிடம் உண்டா இல்லையா என்று இப்போது தேடுகிறார்கள்.

கார் நிறுத்துமிடம் என்றதும் நினைவு வருகிறது. தூண்களுக்கு நடுவே இருக்கும் இடத்தைத் தனியாக லட்சக்கணக்கில் விற்றதாகச் சொல்கிறீர்கள். மும்பை வழக்கு ஒன்றில் 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம், தரைத்தளத்துத் தூண் இடத்தைப் பில்டர் தனிச் சொத்தாக விற்க முடியாது, அது பொது இடம் என்று தீர்ப்புச் சொன்னது. மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டமும் (ரெரா) திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில்தான் சேர்க்கிறது. கொடுத்த பணம் திரும்புமா என்பது வேறு கதை. யாருக்கு எந்த இடம் என்று எட்டு வீடும் கூடித் தீர்மானம் போட்டு எழுதிவைப்பது, இரவு பதினோரு மணிக்கு ஹாரன் அடித்துத் தீர்த்துக்கொள்வதைவிட மேல்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அடுக்குமாடிகளுக்கென்று 1994-லேயே சட்டம் இயற்றி, 1997-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஏட்டில் இருந்தது, வீட்டுக்கு வரவில்லை. அதை எடுத்துவிட்டு 2022-இல் புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 2024 மார்ச் 6 முதல் அது அமலில் இருக்கிறது. விதிகளும் அதே ஆண்டில் வந்துவிட்டன. வீட்டையும் பிரிபடாத பாகத்தையும் பிரிக்க முடியாது, உரிமையாளர்கள் சங்கம் அமைத்தாக வேண்டும், பொதுச் செலவை எல்லோரும் ஏற்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை.

நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது மறுகட்டுமானம் பற்றிய பகுதி. முன்பு பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். வெளிநாட்டில் இருப்பவரைத் தேடி, இறந்துபோனவரின் வாரிசுகளைத் தேடி, விரிசலோடு இருபது வருடம் குடியிருந்தவர்கள் உண்டு. இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மச்சான்மாரைக் கேட்டால் இதன் அருமை தெரியும். பத்து வருடம் தாண்டிய கட்டடத்தை மொத்தமாக விற்க அங்கே எண்பது சதவீத சம்மதம் கேட்கிறார்கள். இன்னொன்றும் அங்கே உண்டு: வீடுகளின் பாகங்களைக் காட்டும் வரைபடம் பதிவானதுமே நிர்வாக மன்றம் சட்டப்படி தானாகப் பிறந்துவிடும், யாரும் போய் அமைக்க வேண்டியதில்லை. இங்கே நாம் எழுந்துபோய் அமைக்க வேண்டும். நம் சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது இதைத்தான்.

மறுகட்டுமானம் எப்போதோ வரப்போவது என்று தள்ளிவிடாதீர்கள். கட்டடத்துக்கு வயதாக வயதாக மதிப்புக் குறையும், மனைக்கு ஏறும். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு மனையளவைப்போல் இரண்டு மடங்கு வரை கட்ட அனுமதிக்கின்றன. முன்பு ஒன்றரை மடங்குதான். பழைய கட்டடம் இருக்கும் தெருவில் பில்டர்கள் சுற்றுவது இதனால்தான். அன்றைக்குப் பேரம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் சரக்கு பி ஷெட்யூல் ஒன்றுதான். மார்பிள் தரையும் மாடுலர் கிச்சனும் இடிபாட்டோடு போய்விடும்.

"ரெரா இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்கிறீர்கள். பெரிய வளாகத்தில் வாங்கியவர்களுக்கு அது நல்ல துணை. பெரும்பான்மை வீடுகள் புக்கிங் ஆனதிலிருந்து மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழி செய்ய வேண்டியது பில்டரின் கடமை. பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வாங்கியவர்களுக்கும் அதில் ஒரு கடமை உண்டு. சங்கம் அமைப்பதில் பங்கெடுக்க வேண்டும் என்று 19-ஆம் பிரிவு வாங்கியவர்களைப் பார்த்தே சொல்கிறது. இந்த வரியைப் படித்துக் காட்டினால் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

ஆனால் நம் ஆட்கள் அதிகம் வாங்குவது அந்தப் பெரிய வளாகங்களில் இல்லை. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெராவில் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு 446 சதுர மீட்டர். இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு என்ற கணக்கு சென்னைப் புறநகரில் ஏன் இத்தனை பிரபலம் என்று இப்போது தெரிகிறதா? அளவெடுத்துத் தைத்த சட்டை. எனவே சின்னக் கட்டடத்துக்காரர்களுக்கு மாநிலத்தின் அடுக்குமாடிச் சட்டம், நுகர்வோர் மன்றம், சொந்தச் சங்கம் இவைதான் கைக்கு எட்டுபவை. அரணே இல்லாத இடத்தில்தான் சங்கம் அதிகம் தேவை. அங்கேதான் அது இல்லை.

சங்கம் வைப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். எட்டு வீட்டில் ஒருவர் முறுக்கிக்கொண்டு நின்றாலும் ஆள் சரியாக இருக்கிறது. பைலா எழுத வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும், சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. புதிய அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ் என்ன படிவம், யாரிடம் என்பதையும் அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே பதிந்து, பத்து வருடமாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் தூங்கும் சங்கங்களும் உண்டு. பெயர்ப் பலகை மட்டும் வாசலில் தொங்கும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. சில இடங்களில் கட்டடம் எழுந்த நாள் முதல் ஒரே செயலாளர். அவர் நல்லவராகக்கூட இருப்பார். ஆனாலும் கணக்கைத் தணிக்கைக்குக் கொடுத்துப் பொதுக்குழுவில் படித்துக் காட்டினால் அவருக்குத்தான் முதலில் நல்லது. அவர் மேல் விழும் சந்தேகம் தீரும்.

பைலா எழுதும்போது இரண்டு விஷயத்தில் நேரம் செலவிடுங்கள். ஒன்று, செலவைப் பிரிப்பது. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவா, சதுரடிக் கணக்கிலா? தரைத்தள வீட்டுக்காரர் லிஃப்டுக்குக் காசு தர வேண்டுமா? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடுவதைவிட, குடிவந்த புதிதில் எல்லோரும் சிரித்த முகமாக இருக்கும்போதே பேசி எழுதிக்கொள்வது சுலபம். இன்னொன்று, பாக்கி. கிணற்றுப் பங்காளி செலவு தரவில்லையென்றால் அவன் முறை வரும் நாளில் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பூட்டுவது ஊர் வழக்கம். அதே புத்தியோடு பாக்கி வைத்தவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைக்கப் போகாதீர்கள். குழந்தை குட்டி இருக்கும் வீட்டில் தண்ணீரை நிறுத்தினால் போலீஸ் புகாரில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். வட்டி எவ்வளவு, எத்தனை மாதம் கழித்து நோட்டீஸ், பிறகு வழக்கு என்று பைலாவில் இருக்கட்டும். வீடு விற்கும்போது சங்கத்தின் நிலுவையின்மைச் சான்று இல்லாமல் கைமாற விடாதீர்கள். வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்குவதுதான் புத்தி.

பணக் கணக்கில் இரண்டு தகவல். பொது மின் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்று ஆக்கியபோது சின்னக் கட்டடத்துக்காரர்கள் திண்டாடினார்கள். 2023 அக்டோபரில், பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்து அறிவித்தார்கள். உங்கள் பில்லில் அப்போது என்ன கட்டணம் போட்டார்கள் என்று பழைய அட்டையைப் பாருங்கள். அடுத்து ஜி.எஸ்.டி. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு வீட்டின் மாதச் சந்தா 7,500 ரூபாயையும் தாண்டினால் 18 சதவீதம். தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்றது 2019-இன் சுற்றறிக்கை. 7,500-க்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கிரீன்வுட் உரிமையாளர் சங்க வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது யார் என்று கவனியுங்கள். ஒரு சங்கம்.

நம் மாவட்டத்திலேயே ஆரோவில் இருக்கிறது. 1968-இல் தொடங்கிய அந்த நகரத்தில் வீடும் நிலமும் தனியார் சொத்து இல்லை. 1988-இன் சட்டப்படி ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. வளர்ச்சித் திட்டத்தை யார் தீர்மானிப்பது என்று நிர்வாகக் குழுவுக்கும் குடியிருப்பவர்களுக்கும் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 மார்ச்சில் வந்த தீர்ப்பு, அதிகாரம் நிர்வாகக் குழுவிடம், குடியிருப்போர் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் இடம்தான் என்றது. சரியா தவறா என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். உங்களுக்குச் சட்டம் ஓட்டே கொடுத்திருக்கிறது. கூட்டம் என்றால் "டிவியில மேட்ச் இருக்கு, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று கதவைச் சாத்துகிறீர்கள்.

அந்த ஓட்டு யாருடையது என்பதிலும் ஒரு வேடிக்கை. வீடு மனைவி பெயரில். கூட்டத்துக்கு வந்து கத்துவது கணவன். பத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் ஓட்டு. அக்கா தங்கைகளே, நீங்கள் போய் உட்காருங்கள். மகளிர் குழுவில் வரவு செலவு எழுதிப் பழகிய கை உங்களுடையது. தீர்மானப் புத்தகம் உங்களிடம் இருந்தால் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்.

கட்டடத்தின் உடம்பையும் பாருங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக், 24 வீடுகளோடு சரிந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பியது. அது அரசு கட்டியது, கேட்பதற்கு ஒரு வாரியம் இருந்தது. உங்கள் கட்டடத்துக்கு நீங்கள்தான் வாரியம். மாதச் சந்தாவில் ஒரு பகுதியைத் தொகுப்பு நிதியாக ஒதுக்கி வையுங்கள். தூணில் துருக் கறை தெரிந்தால் பெயிண்டரைக் கூப்பிடாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இங்கே செஞ்சி, திருவண்ணாமலை சாலையோரங்களில் மனை வாங்கிப் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேஅவுட் வரைபடத்தில் பச்சையாகக் காட்டிய பூங்காவும் சாலையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போக வேண்டியவை. போயிற்றா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். போகாத பூங்கா சில வருடத்தில் மனையாகிவிடும்.

வாசலில் நிற்கும் வாட்ச்மேனும் பல இடங்களில் நம் பக்கத்து ஆள்தான். சங்கம் இல்லாத கட்டடத்தில் அவருக்கு எட்டு முதலாளிகள், சம்பளம் தர ஒருவரும் இல்லை. அதற்காகவாவது ஒரு கணக்குத் திறங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை எட்டு வீட்டுக்காரர்களும் பத்திர நகலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வாருங்கள். மாடி பூட்டியிருந்தால் கார் நிறுத்துமிடத்தில் உட்காருங்கள். பி ஷெட்யூலைக் கூட்டுங்கள். ஏழு பேர் கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை ஒருவர் அரைநாள் லீவு போட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்வரட்டும். அவருடைய பஸ் செலவை எட்டாகப் பிரித்து, புதிய கணக்கு நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
மேல்மலையனூர்